அலை ஓயவில்லை, ஆராய்ச்சி ஏன் ஓய்ந்தது?

திருத்தணியில் விசைத்தறித் தோழர்கள் கூட்டிய கூட்டமொன்றுக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். கூலி உயர்வு, நூல் விலை, மின்கட்டணம் ஆகிய மூன்றுந்தான் அன்றைய பேச்சு. பள்ளிப்பட்டிலிருந்தும், பொதட்டூர்ப்பேட்டையிலிருந்தும், அம்மையார்குப்பத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் லுங்கி நெய்து கொடுத்துவிட்டுத் தாம் கிழிசலை உடுத்தியிருப்பவர்கள். பேச்சு முடிந்து, நன்றியுரையும் முடிந்து, துண்டை உதறிக்கொண்டு அனைவரும் எழும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

"தம்பி, ஒரு சங்கதி. கடல் அலையிலேருந்து கரண்டு எடுக்கறாங்களாமே, மெய்தானா? மெய்யின்னா அது நம்ம தறிக்கு எப்ப வரும்?"

சிலர் சிரித்தார்கள். திருத்தணி எங்கே, கடல் எங்கே என்ற சிரிப்பு அது. மேடையிலிருந்த நம் தோழர் ஒருவர், நல்ல பேச்சாளர், பெயர் வேண்டாம், ஒலிபெருக்கியை எட்டிப் பிடித்தார். "ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது நமக்கு! ஒவ்வோர் அலையும் மின்சாரம்! டில்லி மனம் வைத்தால் போதும், காசில்லாமல் கொட்டும்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. பெரியவர் மட்டும் கைதட்டவில்லை. கேட்டதற்கு விடை வரவில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தமைக்காக நாம் வெட்கப்படுகிறோம். பெரியவருக்கு உரிய விடையை இங்கே எழுதுகிறோம். நம் தோழரும் படிக்கட்டும். அடுத்த மேடைக்கு உதவும்.

மெய்தான், ஐயா. கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்க முடியும். எடுத்துமிருக்கிறார்கள். வெளிநாட்டான் எடுத்த கதையை அல்ல நாம் சொல்லப்போவது. சென்னைக் கிண்டியிலே இருக்கிற ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சியாளர்கள் வடிவமைத்து, திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்திலே நிறுவி, 1991-ஆம் ஆண்டு அக்டோபரில் ஓட்டிக் காட்டினார்கள். பத்தாண்டு உழைப்பு அது. 1981-இல் மத்திய அரசு கடல் வளத்துக்கெனத் தனித் துறையொன்றை அமைத்தது. அதன் பொருளுதவியோடு சென்னையிலே ஆராய்ச்சி தொடங்கிற்று. அதிலே முன்னின்ற பேராசிரியர் ரவீந்திரன், பிறகு 1993-இல் சென்னையில் அமைந்த தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநராகவும் ஆனார். டில்லியைத் திட்டுவதற்கு நமக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் இதைத் தொடங்கிவைத்ததும் டில்லியின் பணந்தான் என்பதை மறைத்துவிட்டுத் திட்டினால் அது நாணயமாகாது.

எப்படி எடுக்கிறார்கள்? கடலுக்குப் போக வேண்டாம், சரவணப் பொய்கைக்கே போகலாம். அடியிலே சிறு ஓட்டை விழுந்த குடம் ஒன்றை வாய் கீழாகக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். உள்ளேயிருக்கும் காற்று ஓட்டை வழியே "உஸ்" என்று வெளியே பாயும். குடத்தைத் தூக்குங்கள், வெளிக்காற்று அதே ஓட்டை வழியே உள்ளே பாயும். விழிஞ்ஞத்தில் நடந்ததும் இவ்வளவே. குடத்துக்குப் பதில் சுமார் 3,000 டன் எடையுள்ள காங்கிரீட் பெட்டி. அதன் வாய் கடலுக்குள்ளே திறந்திருக்கும். குடத்தை நாம் அமுக்குவதற்குப் பதில் அங்கே அலை தானே ஏறுகிறது, தானே இறங்குகிறது. ஏறும்போது காற்று மேலே பாய்கிறது. இறங்கும்போது உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றின் வழியிலே சுழலி ஒன்றை வைத்துவிட்டால் சுழலி சுற்றும், மின்சாரம் பிறக்கும்.

"காற்று இப்படியும் அப்படியும் போனால் சுழலியும் இப்படியும் அப்படியும் அல்லவா திரும்பும்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. அயர்லாந்துத் தீவின் வடபகுதியிலே, பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆலன் வெல்ஸ் என்ற பேராசிரியர் 1970-களில் இதற்கு வழி கண்டார். காற்று எப்பக்கம் பாய்ந்தாலும் ஒரே பக்கமாகச் சுற்றும் சுழலி அது. நெசவாளிக்கு இதை விளக்கவே வேண்டாம். தறியிலே நாடா இங்குமங்கும் ஓடுகிறது. துணி மட்டும் ஒரே பக்கமாகத்தானே சுற்றிக்கொள்கிறது!

அது எவ்வளவு மின்சாரம் தந்தது? கிலோவாட் கணக்கைச் சொன்னால் மேடைக்குப் புரியும், தறிக்குப் புரியாது. தறி ஒன்றுக்கு ஒரு குதிரைச் சக்தி மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். விழிஞ்ஞத்து நிலையத்தின் முழுத் திறன் 150 கிலோவாட். அதாவது இருநூறு தறி. ஆனால் முழுத் திறன் மழைக்காலத்துப் பேரலையிலேதான் கிட்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரி 75 கிலோவாட், நூறு தறி. டிசம்பர் முதல் மார்ச் வரை 25 கிலோவாட், முப்பத்துமூன்று தறி. ஒரு பெட்டி, அவ்வளவுதான். பொதட்டூர்ப்பேட்டையில் இரண்டு தெருவுக்குக் காணும். இவ்வளவுக்கா இந்த ஆரவாரம் என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். பொறுங்கள்.

அந்த நிலையம் இருபது ஆண்டு நின்றது. சும்மா நிற்கவில்லை. முதலில் வைத்த சுழலியை மாற்றினார்கள். வேறு வகைச் சுழலியைப் பொருத்திப் பார்த்தார்கள். மின்கம்பியிலே ஏற்றிப் பார்த்தார்கள். பிறகு, 2004-இல், அலையின் மின்சாரத்தைக் கொண்டே கடல்நீரை நன்னீராக்கி நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அலையே தன் உப்பைத் தானே பிரித்துக் குடிநீர் கொடுத்த வேடிக்கை! ஜப்பானியர் மூக்கில் விரல் வைக்கவில்லை என்றாலும், வந்து பார்த்துப் பாடம் படிக்கத் தக்க வேலை அது.

2011-இல் அது கைவிடப்பட்டது.

சோதனை நிலையந்தானே, சோதனை முடிந்தால் மூடத்தானே செய்வார்கள் என்று அதிகாரிகள் விளக்கம் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறோம். கடலிலே இருபது ஆண்டு கிடந்த இரும்பு எந்தக் கதியாகும் என்பது நமக்கும் தெரியும். பழையதை மூடியதற்காக நாம் சண்டைக்குப் போகவில்லை. அடுத்தது எங்கே என்றுதான் கேட்கிறோம். கொல்லத்துக்கருகே தங்கசேரியில் பெரிய நிலையம் என்று ஒரு பேச்சு எழுந்தது, பேச்சாகவே நின்றது. அப்பன் கட்டிய வீட்டை இடித்தவன் அதே மனையிலே புது வீடு கட்டினால் ஊர் வாழ்த்தும். இடித்த கல்லையும் விற்றுவிட்டு மனையைத் தரிசாகப் போட்டால்?

நாம் மூடிய அதே 2011-இல், ஸ்பெயின் நாட்டிலே பாஸ்க் மக்கள் வாழும் கடற்கரையில், முத்ரிகு என்ற சிற்றூரிலே ஒரு நிலையத்தைத் திறந்தார்கள். அதே தத்துவம். அதே கவிழ்த்த குடம். அதே வெல்ஸ் சுழலி. பதினாறு சுழலிகள், மொத்தம் 300 கிலோவாட்டுக்குச் சற்றே குறைவு. அங்கே மீனவர்களின் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. எப்படியும் கட்டப்போகிற சுவர்தானே, அதன் வயிற்றிலே அறைகளை விட்டுக் கட்டுவோம், அலை வந்து அறைக்குள் ஏறி இறங்கட்டும் என்று முடிவு செய்தார்கள். சுவர் மீனவரின் படகைக் காத்தது. அதே சுவர் மின்சாரமும் கொடுத்தது. பத்தாண்டுக்கு மேலாக ஓடிற்று. புதுச் சுழலி கண்டுபிடித்தவனெல்லாம் அங்கே போய்ப் பொருத்திப் பார்க்கிறான். நம்மிடம் இருபதாண்டு முன்னதாகவே இருந்தது அந்த இடம்!

"இதெல்லாம் கட்டுபடியாகாது" என்பார்கள் கணக்குப் பிள்ளைகள். இந்தக் கட்டுபடிக் கணக்கைப் பற்றி நாம் சில சொல்ல வேண்டும்.

1986-இல் தூத்துக்குடிக்கருகே முள்ளக்காட்டில் மின்வாரியம் காற்றாலைகளை நட்டது. ஒவ்வொன்றும் எவ்வளவு? 55 கிலோவாட். விழிஞ்ஞத்துப் பெட்டியில் மூன்றிலொரு பங்கு. அன்றைக்குக் கணக்குப் பிள்ளையின் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தக் காற்றாடிகள் துருப்பிடித்துச் சாய்ந்திருக்கும். கேட்கவில்லை. அடுத்தடுத்து நட்டார்கள், கயத்தாறு வந்தது, முப்பந்தல் வந்தது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பேருந்தில் போகிறவன் எண்ணிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும், எண்ணி முடியாது. குழந்தை தவழும்போதே "இது ஓட்டப் பந்தயத்தில் தோற்கும்" என்று தீர்ப்பெழுதியிருந்தால் இது நடந்திருக்குமா? (அந்தக் காற்றாடிகளில் பலவற்றை வரிச்சலுகைக்காகவே முதலாளிகள் நட்டார்கள் என்பதும், காற்று பொதுச்சொத்தாக இருக்க வருமானம் மட்டும் தனிச்சொத்தானதும் நமக்குத் தெரியும். அதைப் பின்னால் தொடுகிறோம்.)

பிரிட்டனிலும் இந்தக் கணக்கு விளையாடியிருக்கிறது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது எடின்பரோவில் ஸ்டீபன் சால்ட்டர் என்ற பேராசிரியர், அலையிலே வாத்துப்போலத் தலையாட்டும் கருவியொன்றை உருவாக்கினார். 'சால்ட்டரின் வாத்து' என்றே அதற்குப் பெயர். அரசு பணம் கொடுத்தது, ஆராய்ச்சி வளர்ந்தது. 1982-இல் செலவு அதிகம் என்று சொல்லிப் பணத்தைக் குறைத்துவிட்டார்கள். செலவுக் கணக்கைப் போட்டு மேற்பார்த்த அலுவலகம் எங்கே இருந்தது தெரியுமா? ஹார்வெல்லில், அணுசக்தி ஆணையத்தின் வளாகத்துக்குள்ளே! மாமியார் வீட்டுத் தராசிலே மருமகளின் நகையை நிறுத்த கதை. அந்தக் கணக்கிலே தவறு இருந்தது என்ற சர்ச்சை பிற்காலத்தில் கிளம்பிற்று. அதற்குள் வாத்து மூழ்கிவிட்டது.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, மேடையில் நான் சொன்னது சரிதானே!" என்று நம் பேச்சாளர் தோழர் மார்தட்டக்கூடும். மறுபக்கத்தையும் அவர் கேட்க வேண்டும். அலை மின்சாரம் காசில்லாமல் கொட்டாது. அலை இலவசம், அலையைப் பிடிக்கும் கூண்டு இலவசமன்று. வயலுக்கு மழை இலவசந்தான், ஏரி வெட்டியவனுக்குக் கூலி யார் கொடுப்பது?

விழிஞ்ஞத்துக் கடலிலே கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அலை கொண்டுவரும் சக்தி ஆண்டுச் சராசரியில் சுமார் 13 கிலோவாட். ஸ்காட்லாந்தின் அட்லாண்டிக் ஓரத்திலே இதைப்போல் மூன்று நான்கு மடங்கு. நம் கிழக்குக் கரையிலோ, சென்னையிலிருந்து நாகை வரை, விழிஞ்ஞத்து அளவும் பொதுவாகக் கிடையாது. கூண்டிலே அகப்படுவது வந்ததில் ஒரு பங்குதான். அது மின்சாரமாவது அதிலும் ஒரு பங்குதான். இந்தியக் கடற்கரை முழுவதிலும் 40,000 மெகாவாட் அலைச்சக்தி உண்டு என்று மேடையில் வீசுவதற்கு ஓர் எண் கிடைக்கிறது. அது கடலில் இருப்பதன் கணக்கு. கையில் வருவதன் கணக்கு அன்று. கடலில் இருக்கிற மீனெல்லாம் கூடைக்கு வந்துவிடுகிறதா?

பருவமும் பார்க்க வேண்டும். விழிஞ்ஞத்து அலை தென்மேற்குப் பருவத்திலே ஓங்குகிறது. நம் காற்றாலைகளும் அதே பருவத்திலேதான் ஓங்கிச் சுற்றுகின்றன. இருவரும் ஒரே நேரத்தில் பந்திக்கு வருகிறார்கள். தை, மாசியில் இருவரும் மெலிகிறார்கள். இரவிலும் அலை அடிக்கும், சூரியத் தகடு தூங்கும் என்பது அலைக்குள்ள ஒரு சிறப்பு. ஆனாலும் அனல் நிலையத்தை நாளையே இழுத்து மூடிவிட்டு அலையை நம்பி உட்கார முடியாது.

புயல் வேறு. நார்வே நாட்டில் டாஃப்டஸ்டாலன் என்ற இடத்தில் 1985-இல் நிறுவிய அலை நிலையத்தை 1988 டிசம்பர்ப் புயல் பிய்த்தெறிந்தது. போர்த்துக்கல் கரையிலே 2008-இல் பாம்புபோல நெளியும் கருவிகளை மிதக்கவிட்டார்கள். உலகமெங்கும் படம் வந்தது. சில மாதங்களிலே கரைக்கு இழுத்துவந்துவிட்டார்கள். அந்தக் கம்பெனியே 2014-இல் முறிந்தது. கடல் எந்தப் பொறியையும் எளிதில் மன்னிக்காது. உப்பு அரிக்கும், சிப்பி ஒட்டும், நூறு நாள் தாலாட்டி நூற்றொன்றாம் நாள் அறையும். தனியார் கம்பெனி இந்த வேலைக்கு ஏற்றதன்று என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஒரு புயலில் முதல் போனால் கம்பெனி கடையைக் கட்டும். பொதுப்பணத்திலே, பொறுமையோடு, தோல்வியை எழுதிவைத்து அடுத்தவனுக்குப் பாடமாக்கும் நிலையந்தான் இதைச் செய்ய முடியும்.

தோல்வி வீண்போகாது என்பதற்கு நம் கடலிலேயே சாட்சி இருக்கிறது. கடலின் மேற்பரப்பு வெதுவெதுப்பு, அடியாழம் குளிர். இந்த வேறுபாட்டிலிருந்து ஒரு மெகாவாட் மின்சாரம் எடுக்கலாமென்று சென்னையின் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் 'சாகர் சக்தி' என்ற மிதவையோடு தூத்துக்குடிக் கடலிலே முயன்றார்கள். குளிர்நீரை மேலே கொண்டுவர ஒரு கிலோமீட்டர் நீளக் குழாய் வேண்டும். அதை இறக்குவதிலே தோற்றார்கள். ஆனால், அதே குளிர்நீர்த் தத்துவத்தைக் கொண்டு 2005-இல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையத்தை அவர்களே நிறுவிவிட்டார்கள். போனது மின்சாரம், வந்தது தண்ணீர். எந்தக் கணக்குப் பிள்ளை இதை எந்தப் பத்தியிலே எழுதுவான்?

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2022 நவம்பரில், அதே சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அப்துஸ் சமதும் அவர் குழுவினரும் 'சிந்துஜா' என்ற கருவியைத் தூத்துக்குடிக்கு ஆறு கிலோமீட்டர் தொலைவில், இருபது மீட்டர் ஆழக் கடலில் மிதக்கவிட்டார்கள். மிதவை அலையோடு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே மின்சாரமாகும். எவ்வளவு? 100 வாட். ஆம், தோழர்களே, நூறு வாட். பழைய குண்டு பல்பு ஒன்று. மூன்றாண்டில் ஒரு மெகாவாட் என்று அன்று இலக்குச் சொன்னார்கள். நாம் அந்தக் குழுவினரை ஏளனம் செய்யவில்லை; சிறு கருவியைக் கடலிலே விட்டுப் பார்த்துத்தான் பெரியதைச் செய்ய முடியும். நம் நெஞ்சை உறுத்துவது வேறு. 1991-இல் இருநூறு தறி ஓட்டும் திறனிலே நின்ற நாடு, முப்பத்தோராண்டு கழித்து ஒரு பல்பிலிருந்து மறுபடி தொடங்குகிறதே, இந்த இடைக்காலத்தை விழுங்கியது யார்?

அறிவிப்பும் வந்துவிட்டது. கடல் அலை, ஓதம், கடல் வெப்பம் இவற்றின் மின்சாரத்தையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று 2019 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. காகிதத்தில் இடம் கிடைத்தது, கடலில் கிடைக்கவில்லை. அதே விழிஞ்ஞத்திலே, மீனவர்கள் 2022-இல் மாதக்கணக்கில் நின்று எதிர்த்தும், பெருங்கப்பல் துறைமுகம் ஒன்று எழுந்து 2025 மே மாதம் திறப்புவிழாவும் கண்டது. அதற்குப் பணமும் இருந்தது, பொறுமையும் இருந்தது, தலைவர்களுக்கு நாடாவெட்ட நேரமும் இருந்தது.

சரி, திருத்தணிக்கும் இதற்கும் என்ன? சிரித்த நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறோம். உங்கள் ஊர் திருவள்ளூர் மாவட்டம். அந்த மாவட்டத்துக்குக் கடல் உண்டு. பழவேற்காடு உண்டு, காட்டுப்பள்ளி உண்டு. உங்கள் தறியை ஓட்டும் மின்சாரத்திலே ஒரு பகுதி அந்தக் கரையை ஒட்டிய அத்திப்பட்டில் நிலக்கரியை எரித்து எடுத்ததுதான். பள்ளிப்பட்டு வழியாகவும் உங்கள் வட்டத்தின் வழியாகவும் வருகிற கொசஸ்தலை ஆறு, எண்ணூரில்தான் கடலோடு கலக்கிறது. அங்கே கொதிநீரும் சாம்பலும் கலந்து மீனவனின் இறாலைக் கெடுத்தது நீங்கள் பேசாத கதையன்று. 2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். வாதாடி வாங்கிய உரிமை, விடக்கூடாது. ஆனால் அந்த யூனிட் வானத்திலிருந்து விழவில்லை. உங்களுக்கு இலவசமாக வருவதற்கு எண்ணூரிலே ஒருவன் விலை கொடுக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் ஊர்மக்களும் போராடினார்கள். 1960 ஏப்ரல் முதல் நாளிலே திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தெற்கெல்லையிலே நேசமணி தலைமையில் மக்கள் போராடி 1956 நவம்பர் முதல் நாளிலே குமரி வந்து சேர்ந்தது. வடக்கெல்லைக்காரன் தெற்கெல்லைக்காகக் குரல் கொடுத்த நாள்கள் அவை. இன்று மீண்டும் அந்தக் குரல் வேண்டும். ஏனென்றால், தமிழ்நாட்டிலே அலை மின்சாரத்துக்கு நல்ல கரை எது என்று தேடினால் விரல் போய் நிற்பது குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலே. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம். விழிஞ்ஞத்தை அடிக்கிற அதே கடல், அதே அலை.

தேங்காய்ப்பட்டணத்தில் துறைமுகம் கட்டினார்கள். அதன் முகத்துவாரத்திலே படகுகள் கவிழ்ந்து மீனவர் பலர் மாண்டார்கள். அலைதடுப்புச் சுவரைச் சரியாக நீட்டிக் கட்டுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை, உயிர்க் கோரிக்கை. அது முதலில் நிறைவேற வேண்டும். அலை மின்சாரத்தைக் காரணம் காட்டி ஒரு நாள்கூட அது தள்ளிப்போகக் கூடாது. ஆனால் இனிமேல் இக்கரையில் எந்த ஆழமான துறைமுகத்துக்குச் சுவர் கட்டினாலும், புதுப்பித்தாலும், அந்தச் சுவரிலே முத்ரிகுவைப் போல இரண்டு மூன்று அறைகளை விட்டுக் கட்ட முடியுமா என்று கேட்கலாமல்லவா? மீனவனிடம் கேட்டு, அவன் படகின் வழியை மறிக்காமல். கிழக்குக் கரைத் தூண்டில் வளைவுகளுக்கெல்லாம் இது பொருந்தாது. அங்கே ஆழமும் இல்லை, அலையும் இல்லை. பொருந்துமிடம் நாலைந்து இருந்தால் போதும். அந்த மின்சாரம் உங்கள் தறிக்கு வராது, ஐயா, அதை மறைக்கமாட்டோம். துறைமுகத்திலேயே மீனுக்கு ஐஸ் போடும். கலங்கரை விளக்கை எரிக்கும். குடிநீர் எடுக்கும். அங்கே அது செலவாகிற அளவுக்கு அத்திப்பட்டிலே ஒரு கூடை நிலக்கரி மிஞ்சும்.

நாளைக்கு இது மலிவாகிற காலம் வந்தால், காற்றாடி நட்டவர்கள் கடலுக்கும் வருவார்கள். கரையை வளைத்துக் கம்பிவேலி போடுவார்கள். ஆராய்ச்சிக்குச் செலவழித்தது பொதுமக்கள், அறுவடை செய்வது முதலாளி என்ற பழைய கதை மறுபடி நடக்கும். ஆகையால் இன்றைக்கே, அது கட்டுபடியாகாத இந்தக் காலத்திலேயே, பொது நிறுவனத்தின் கையிலே கருவியும் உரிமையும் இருக்க வேண்டும். கடலின் மீது முதல் சொல் மீனவனுடையதாக இருக்க வேண்டும். விலை ஏறியபின் கேட்டால் கொடுக்கமாட்டார்கள்.

மீன்வளத் துறை மானியக் கோரிக்கை வரும்போது நம் உறுப்பினர்கள் சட்டமன்றத்திலே கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்து அனுப்பியிருக்கிறோம். குமரி மேற்குக் கரையில் எந்தத் துறைமுகச் சுவரிலே எவ்வளவு ஆழம்? அலையை ஆண்டு முழுவதும் அளந்தவர் உண்டா? விழிஞ்ஞத்து இருபதாண்டுக் குறிப்பேடுகளை மாநிலத்துப் பொறியாளர்கள் கேட்டு வாங்கினார்களா? ஓர் அறைக்குச் செலவென்ன, சுவரின் மொத்தச் செலவிலே அது எத்தனை பங்கு?

அடுத்த மாதம் மறுபடி திருத்தணியில் கூட்டம். பெரியவர் பின்வரிசையிலேதான் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய், நூறு வாட்டையும் நூறு தறியையும் பிரித்துச் சொல்லி, அன்று கொட்டும் என்றது கொட்டாது என்று ஒப்புக்கொள்ளும் வேலையை நம் பேச்சாளர் தோழரிடமே ஒப்படைத்திருக்கிறோம். ஒலிபெருக்கி இல்லாமல்.